ஊர் மூட்டிய அடுப்பு

கோவில்பட்டிக்கு அருகே, பாரதி பிறந்த எட்டயபுரத்தில், 1956-இல் காமராசர் பள்ளி மதிய உணவைத் தொடங்கிவைத்தார். அன்று அது ஊரார் கைகொடுத்து நடந்த காரியம். பொது அடுப்படிக்கு எந்தக் கருவியை வாங்குவது என்ற கேள்விக்கே இடமில்லை. ஊரில் கிடைத்த அண்டாவும் அகப்பையும் போதுமானவையாக இருந்தன.

1982 சூலை 1-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு வந்தது. 2013-இல் கலவைச் சாதங்கள் சோதனையாகத் தொடங்கின. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் காலை உணவும் தொடங்கியது. மதியம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி என்றால், காலையில் 50 கிராம் ரவையோ அரிசியோ. சமையல் கூடக் கூட, கருவிகளும் கூடின.

அன்று கரிசல்காட்டின் விறகு சீமைக் கருவேலம். காசில்லாமல் கிடைத்தது, நின்று எரிந்தது. மழை நாளில் புகைந்து சமையல் செய்யும் அக்காக்களின் கண்ணைக் கரித்தது. இன்று பல சத்துணவு மையங்களில் எரிவாயு அடுப்பு. புகை இல்லை, தீ சொன்னபடி கேட்கிறது. ஆனால் சிலிண்டர் வரத் தாமதமானால் உலை ஏறுவதில்லை.

அன்று சோற்றை வடித்தார்கள். கஞ்சி மாட்டுத் தொட்டிக்குப் போனது. இன்று குக்கரில் அளவுத் தண்ணீர் போதும். குடிநீருக்குக் காத்திருக்கும் மானாவாரி ஊர்களில் இது சிறிய லாபமல்ல. ஆனால் ரப்பர் வளையம் தேய்ந்தால் அதற்காகக் கோவில்பட்டிக் கடைத்தெருவுக்குத்தான் போக வேண்டும். அம்மியில் அரைத்த மசாலாவுக்குக் கைவலி உண்டு, மின்வெட்டு இல்லை. மிக்சி அந்த வலியைத் தீர்த்தது. வீட்டு மிக்சியை இடைவிடாமல் ஓட்டினால் அது சூடேறி நின்றுவிடுகிறது.

பெற்றவை பெரியவை: புகையில்லாத மூச்சு, மிச்சமாகும் நேரம், பிள்ளைகளுக்கு இரு வேளைச் சூடான உணவு. இழந்தது ஒன்று உண்டு. அன்று அண்டாவில் ஓட்டை விழுந்தால் ஊரே அடைத்துத் தரும். இன்று கருவி பழுதானால் அது அரசின் பொருள் என்று ஊர் விலகி நிற்கிறது.

எந்தக் கருவியை வாங்குவது என்பதற்கு அடுப்பையே பாருங்கள்: பெரிய அண்டாவுக்கு உயர்ந்த மேடை அடுப்பு உதவாது. தரையோடு தாழ்ந்த, கனத்த இரும்புச் சட்டமுள்ள அடுப்புதான் தாங்கும். கொதிக்கும் பாத்திரத்தை இறக்குகிறவர் இடுப்புக்கும் அதுவே பாதுகாப்பு. இது தினமும் அதை இறக்கும் சமையலருக்குத் தெரியும். கருவிகளைத் தேர்ந்தெடுக்கும் நாளில் அவரை அழைத்துக் கேளுங்கள். பழுது பார்க்கும் பொறுப்பில் ஊரையும் மீண்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.