பூசணத்தைத் தட்டிவிட்டாலும் நஞ்சு போகாது

டென்மார்க்கில் பன்றி அறுக்கும் கூடத்தில் ஆய்வாளர் சிறுநீரகத்தை உற்றுப் பார்ப்பார். வீங்கி, வெளிறிக் கிடந்தால் அவருடைய சந்தேகம் பன்றி தின்ற பார்லியின் மேல் போகும். இந்தச் சிறுநீரக நோயை அங்கே 1928-லேயே கவனித்துவிட்டார்கள். காரணம் பிடிபட்டது 1970-களில். சரியாகக் காயாமல் குவித்த தானியத்தில் வளரும் பூஞ்சை, ஓக்ராடாக்சின் ஏ என்ற நஞ்சைச் சுரக்கிறது. பாலே குரோ என்ற ஆய்வாளரின் குழு, அதே நஞ்சைத் தீனியில் கலந்து கொடுத்து அதே நோயை வரவழைத்துக் காட்டியது. 1979 முதல் ஒரு நடைமுறை வந்தது: சிறுநீரகத்தில் கிலோவுக்கு 25 மைக்ரோகிராமுக்கு மேல் நஞ்சு இருந்தால், முழுப் பன்றியும் உணவுக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்டது.

சிறுநீரகத்தையாவது கண்ணால் பார்க்கலாம். குடல் கெடுவது அப்படித் தெரிவதில்லை. வயலிலேயே கோதுமையைப் பிடிக்கும் ஃபுசேரியம் பூஞ்சையின் நஞ்சு டியாக்ஸிநிவலினால். அது கூடினால் பன்றி வாந்தி எடுக்கும். ‘வாந்தி நஞ்சு’ என்ற பட்டப்பெயர் வந்தது அதனால்தான். அளவு குறைவாக இருந்தால் தொட்டியில் தீனி மிஞ்சும், எடை ஏறாது. குடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் சிறு விரல்கள் குட்டையாகும், செல்களுக்கு நடுவிலான இறுக்கம் தளரும், கிருமிகள் உள்ளே புக வழி கிடைக்கும். குட்டிகளுக்குக் கழிச்சல் வந்தால் கிருமிக்கு மருந்து போடுகிறோம். தீனி மூட்டையைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

மாட்டுக்கு ஒரு காப்பு உண்டு. முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் இந்த இரண்டு நஞ்சையும் பெருமளவு சிதைத்துவிடும். அஃப்லாடாக்சின் என்ற இன்னொரு பூஞ்சை நஞ்சிடம் அந்தக் காப்பு பலிக்காது. கடலைப் பிண்ணாக்கு, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை வழியாக உள்ளே போய், உருமாறிப் பாலில் இறங்கும்.

டென்மார்க்கில் கோபன்ஹேகனை ஒட்டிய புரொண்பியில் கடையில் வாங்கும் பாலில் இந்த நஞ்சு கிலோவுக்கு 0.05 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. இந்தியாவில் அனுமதி 0.5, பத்து மடங்கு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் வெளியிட்ட பால் ஆய்வில், தமிழ்நாட்டு மாதிரிகள் 551-ல் 88 அந்தத் தாராளமான வரம்பையும் மீறின. பால்காரர் தண்ணீர் கலக்கிறாரா என்று நாம் பார்த்துக்கொண்டிருக்க, ஆபத்து பிண்ணாக்கில் இருந்தது.

ஐரோப்பியச் சட்டம் தீவனம் விற்பவரைத்தான் முதலில் பொறுப்பாக்குகிறது. பாதுகாப்பற்ற தீவனத்தைச் சந்தையில் விடக் கூடாது. விட்டது தெரிந்தால் அவரே திரும்பப் பெற்று, அதிகாரிகளுக்கும் சொல்ல வேண்டும். வரம்பு மீறியதை நல்ல தானியத்தோடு கலந்து அளவைக் குறைத்து விற்பதும் குற்றம். நம் ஊர் மண்டிகளில் இது சாதாரணம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். நஞ்சைப் பிடித்துக்கொள்ளும் பெண்டோனைட் களிமண்ணுக்கு 2013-ல் அனுமதி வந்தது. ஆனால் அது அஃப்லாடாக்சினுக்கு, அதுவும் வரம்புக்குள் இருக்கும் தீவனத்துக்கு மட்டும். எல்லா நஞ்சையும் இழுக்கும் என்று விற்கும் பொடிகளை நம்ப வேண்டாம்.

புரொண்பி பண்ணை ஊர் அல்ல. அடுக்குமாடிகளும், வட்ட வட்டமான தோட்ட வீடுகளும் உள்ள ஊர். அங்கே பூசணம் பிடித்த ரொட்டியையோ சீஸையோ நாய்க்குப் போட்டால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். தோட்டத்தில் கோழி வளர்ப்பவர், சமையலறை மிச்சத்தை அதற்குப் போடுவதையே சட்டம் தடுக்கிறது.

பூசணத்தைச் சுரண்டுவதும் தானியத்தை வேக வைப்பதும் பயன் தராது. நஞ்சு சூட்டைத் தாங்கும். பூஞ்சை தெரியாத தானியத்திலும் அது இருக்கலாம். தானியத்தை ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காயவைத்துக் குவிப்பதுதான் பார்லிக்கு முதல் காப்பு.

தீனி மேல் சந்தேகம் வந்தால் அதை உடனே நிறுத்துங்கள். மூட்டையை எறிய வேண்டாம். நஞ்சு திட்டுத் திட்டாகப் பரவியிருக்கும் என்பதால் மேல், நடு, அடி என்று பல இடங்களிலிருந்து பிடிபிடியாக எடுத்துக் கலந்து, காகித உறையில் போட்டு, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள். லேபிளில் உள்ள தொகுதி எண்ணைப் படம் எடுங்கள். வாங்கிய நாள், தீனி மாற்றிய நாள், கழிச்சல் தொடங்கிய நாள் மூன்றையும் குறித்துக்கொண்டு, விற்றவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். டென்மார்க்கில் உணவு நிர்வாகத்துக்கும் ஒரு பிரதி போகட்டும்.