பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி: பெற்றோரின் அமானிதம்

எல்லாப் புகழும் வல்ல நாயன் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் அவனுடைய தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து மக்கள் கலைந்த பின், ஓர் இளம் தகப்பனார் ஹவுளின் அருகே எனக்காகக் காத்திருந்தார். "ஹஜ்ரத், என் மகளுக்கு ஆறு வயதாகிறது, மகனுக்கு நான்கு. இருவரையும் பள்ளிக்கூடம் அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்க நினைக்கிறேன். மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா?" என்று கேட்டார்.

"யார் கற்பிப்பார்கள்?" என்று கேட்டேன். "வீட்டில் பார்த்துக்கொள்வார்கள்" என்றார். "உங்கள் துணைவியாரிடம் கேட்டீர்களா?" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது மட்டுமன்று. பள்ளிக் கட்டணத்தைக் கண்டு மலைப்பவர்கள், பிள்ளையின் மார்க்கப் பற்று குன்றிவிடுமோ என அஞ்சுபவர்கள், மூன்று வயதுக் குழந்தையின் தோளில் புத்தகப் பையைக் கண்டு மனம் வருந்துபவர்கள் எனப் பலரும் இதைக் கேட்கிறார்கள். எனவே இதைச் சற்று விரிவாக நோக்குவோம்.

முதல் ஆசிரியர் யார்?

தம்மையும் தம் குடும்பத்தாரையும் நரக நெருப்பிலிருந்து காத்துக்கொள்ளுமாறு திருக்குர்ஆன் (66:6) இறைநம்பிக்கையாளர்களுக்குக் கட்டளையிடுகிறது. ஒவ்வொருவரும் மேய்ப்பாளரே, தம் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி விசாரிக்கப்படுவர் என்னும் நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றுள்ளது. லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் செய்த உபதேசத்தைத் திருக்குர்ஆன் 31ஆம் அத்தியாயத்தில் எடுத்துரைக்கிறது. ஏகத்துவத்தில் தொடங்கி, தொழுகை, பொறுமை என்று சென்று, நடக்கும் நடையும் பேசும் குரலும் எப்படி இருக்க வேண்டும் என்பது வரை அந்தப் பாடம் நீள்கிறது. அது ஒரு தந்தை தம் மகனை "என்னருமை மகனே" என்ற கனிவோடு விளித்து நடத்திய பாடம்.

நபி (ஸல்) அவர்களின் வளர்ப்பில் இருந்த சிறுவர் உமர் பின் அபீஸலமா (ரலி) அவர்களின் கை, உணவுத் தட்டில் அங்கும் இங்கும் அலைந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லவும், வலக்கையால் உண்ணவும், தமக்கு அருகில் உள்ளதை உண்ணவும் நபியவர்கள் அன்புடன் கற்றுக்கொடுத்தார்கள். அன்று முதல் தாம் உண்ணும் முறை அதுவாகவே ஆகிவிட்டது என்று அவர் பிற்காலத்தில் கூறினார். சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் நம் வீடுகளிலும் இந்த வகுப்பறை இன்றும் இருக்கத்தான் செய்கிறது. ஆகவே, வீட்டில் கற்பித்தல் நமக்குப் புதிதன்று.

இந்தக் கடமை யார் மீது? பிள்ளைகள் பருவமடைந்ததும் அவர்கள் மீது கடமையாகக் கூடியவற்றைக் கற்பிப்பது தந்தையர், தாய்மார் இருசாரார் மீதும் கடமை என்று ஷாஃபிஈ மத்ஹபின் கருத்தை இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'அல்மஜ்மூஉ' நூலில் பதிவு செய்துள்ளார்கள். முழுச் சுமையையும் மனைவியின் தலையில் இறக்கிவிட்டு, "எங்கள் வீட்டில் வீட்டுக் கல்வி" என்று தந்தை சொல்லிக்கொள்வது எவ்வகையில் நியாயம்?

வெளியே அனுப்பிக் கற்பித்தலும் நம் வழியே

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு நடந்த பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களுள் எழுதத் தெரிந்தோர், மதீனாவின் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தால் அதுவே மீட்புத் தொகையாக ஏற்கப்பட்டது. அந்த ஆசிரியர்கள் இஸ்லாத்தை ஏற்றவர்களல்லர். வாளேந்தி வந்த எதிரிகள். எனவே, "ஆசிரியர் நம் சமுதாயத்தவர் அல்லர்" என்பது ஒன்றே பள்ளிக்கூடத்தைத் தவிர்க்கப் போதுமான காரணமாகாது. அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுத்துக் கற்பித்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்னும் பெண்மணி என்பதும் நினைவிருக்கட்டும். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் தாயார் மகனுக்குத் தலைப்பாகை கட்டிவிட்டு, ரபீஆ (ரஹ்) அவர்களிடம் அனுப்பினார். கல்விக்கு முன் அவரது ஒழுக்கத்தைக் கற்றுவரச் சொன்னார். ஆசிரியரைத் தேர்ந்தெடுத்ததும் அந்தத் தாயின் வீட்டுக் கல்விதானே!

பிள்ளை பிள்ளையிடமிருந்தே விரைவாகக் கற்கிறது. ஆதலால் நல்லொழுக்கமுள்ள பிற பிள்ளைகளோடு சேர்ந்து பயில வேண்டும் என்பது இப்னு சீனா அவர்களின் கருத்து. வீட்டிலேயே கற்பிப்போர் இதை ஒருபோதும் மறக்கலாகாது.

முன்னோர் விட்டுச்சென்ற படிப்பினை

நம் கடற்கரை ஊர்களில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் காணாத காலத்தில், ஓதத் தெரிந்த மூதாட்டியர் தம் வீட்டுத் தாழ்வாரத்தில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து ஓதிக்கொடுத்தனர். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் அவர்களுக்குக் கைகொடுத்தது. கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களைப் போன்ற மேதைகள் அரபுத்தமிழில் எழுதிய நூல்களால் மார்க்கச் சட்டங்கள் அடுப்பங்கரை வரை சென்றடைந்தன. ஏட்டுப் படிப்பில்லாத வீடுகளிலும் மார்க்க அறிவு மங்காமல் இருந்ததற்கு அந்தத் தாய்மார்களே காரணம்.

ஆயினும் அதில் ஒரு குறையும் இருந்தது. அரபெழுத்தைச் சரளமாகப் படித்தும் தமிழெழுத்து அறியாததால், பத்திரத்திலும் வங்கிப் படிவத்திலும் பெருவிரல் ரேகை வைத்த மூத்த பெண்களை நாம் கண்டிருக்கிறோம். ஒரு கதவைத் திறந்த வீட்டுக் கல்வி மறு கதவைத் திறக்கவில்லை. இன்று வீட்டில் கற்பிக்க முனைவோர் இரண்டு கதவுகளையும் திறக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் (2009), 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்குரியது. அருகிலுள்ள பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு கூறுகிறது. தவறும் பெற்றோருக்கு அச்சட்டத்தில் தண்டனை ஏதும் இல்லை. அதற்காகக் கடமை இல்லாமல் போய்விடாது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் முதல் வகுப்புக்கு 6 வயதையே கணக்கிடுகிறது. ஆறு வயதுக்கு முன் பிள்ளையை வீட்டில் வைத்துக் கற்பிப்பதில் எந்தத் தடையும் இல்லை. மழலையர் வகுப்புக்குக் கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தும் பெற்றோர் இதை அறிந்துகொள்வது நல்லது.

இதுவரை பள்ளி செல்லாத பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்க அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு வழிசெய்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 3, 5, 8 ஆகிய வகுப்புகளுக்கு இணையான அடிப்படைக் கல்வி நிலைகள் உள்ளன. 14 வயது நிறைந்தவர் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வைத் தமிழிலேயே எழுதலாம்.

நம் புதுவை 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். இங்குள்ள பல குடும்பங்களின் பிள்ளைகள் இன்றும் பிரான்சில் வாழ்கிறார்கள். அங்கே 1882 மார்ச் 28ஆம் நாள் சட்டம் கல்வியைக் கட்டாயமாக்கியபோதும், அதை வீட்டிலும் அளிக்கலாம் என்று அனுமதித்தது. 2019 முதல் கட்டாயக் கல்வி 3 வயதிலேயே தொடங்குகிறது. 2021 ஆகஸ்ட் 24ஆம் நாள் சட்டத்தின்படி, 2022 செப்டம்பர் முதல் வீட்டில் கற்பிக்க அரசின் முன் அனுமதி தேவை. இங்குள்ள நடைமுறையை நம்பி அங்கே செயல்பட வேண்டாம் என்று உங்கள் உறவினருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

என் வீட்டில் நான் கற்றது

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, விரும்பியோ விரும்பாமலோ எல்லா வீடுகளும் பள்ளிக்கூடமாயின. மதரஸாவில் ஊரார் பிள்ளைகளுக்குப் பொறுமையாக அலிஃப், பே சொல்லிக்கொடுப்பவன் நான். ஆனால் என் மகனுக்கு வகுத்தல் கணக்குக் கற்பிக்கையில் மூன்றாம் நாளே என் குரல் உயர்ந்துவிட்டது. அவன் அழவில்லை. மறுநாள் முதல், புரியாததற்கெல்லாம் "புரிந்துவிட்டது அத்தா" என்று சொல்லத் தொடங்கினான். அவன் ஒன்றும் புரிந்துகொள்ளவில்லை என்பதைப் பல நாட்கள் கழித்தே அறிந்தேன்.

கடுமையோடு கற்பிக்கப்படும் பிள்ளை, அடிக்கு அஞ்சிப் பொய்யையும் பாசாங்கையும் பழகிக்கொள்ளும் என்று இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள் 'முகத்திமா'வில் எச்சரித்திருப்பதை நான் மாணவப் பருவத்திலேயே படித்தவன். அதன் பொருளை என் மகனின் முகத்தில்தான் கண்டேன். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பாடத்தை அரை மணி நேரமாகக் குறைத்து, முறத்திலிருந்த புளியங்கொட்டைகளை வைத்து மீண்டும் தொடங்கினோம். பத்தாண்டுகள் பணிவிடை செய்த சிறுவர் அனஸ் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஒருமுறையேனும் 'சீ' என்று கடிந்ததில்லை என்னும் ஹதீஸை, அதன் பிறகு நான் மிம்பரில் முன்போல எளிதாகச் சொல்வதில்லை.

எப்படிக் கற்பிப்பது?

சிறு பிள்ளைக்கு நாள் முழுதும் பாடம் தேவையில்லை. சுபுஹுக்குப் பின் சிறிது நேரம் ஓதல், காலையில் சிறிது நேரம் தமிழும் எண்ணும், மாலையில் விளையாட்டு, இரவில் நபிமார்கள் வரலாறு. விளையாட்டைத் தடுத்து எப்போதும் படிப்பில் நெருக்கினால் பிள்ளையின் உள்ளம் மரத்துப்போகும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் 'இஹ்யா'வில் எச்சரித்துள்ளார்கள்.

நம் ஊரே ஒரு பாடநூல். வீதிப் பெயர்ப்பலகைகளில் தமிழும் பிரெஞ்சும் இருக்கின்றன. நடந்து செல்கையில் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும். பெரிய மார்க்கெட்டில் கால் கிலோ, அரைக் கிலோ வாங்கி மீதிச் சில்லறையை அதுவே எண்ணட்டும். மாடியில் ஒரு குச்சியை நட்டு, லுஹரிலிருந்து அஸர் வரை நிழல் நீள்வதை அளக்கட்டும். நம் கடல் கிழக்கே இருப்பதால் சூரிய உதயத்தைக் கடற்கரையிலும், தலைப்பிறையை மாடியில் மேற்கு நோக்கியும் காட்டுங்கள். திசையும் மாதக் கணக்கும் தாமே விளங்கும். சற்று வளர்ந்த பிள்ளை ஜகாத் கணக்கில் ஆயிரத்துக்கு இருபத்தைந்து என்று கண்டால், சதவிகிதம் என்னும் பாடம் முடிந்தது.

நிய்யத்தைச் சோதிப்போம்

பிள்ளையை வீட்டில் நிறுத்தும் முன் நான்கு கேள்விகளுக்கு விடை காணுங்கள். முதலாவது, கற்பிப்பவர் யார்? அவருக்கு நேரமும் விருப்பமும் உண்டா? இரண்டாவது, பிள்ளைக்குத் தோழர்கள் உண்டா? மூன்றாவது, கற்றதைச் சோதிக்கவும், பின்னாளில் சான்றிதழ் பெறவும் வழி வைத்திருக்கிறீர்களா? நான்காவது, மகனுக்கும் இதையே செய்வீர்களா?

நான்காவது கேள்வியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மகனை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மகளை மட்டும் 'வீட்டுக் கல்வி' என்று நிறுத்தி, தம்பிக்குச் சோறூட்டவும் பாத்திரம் துலக்கவும் பழக்கினால் அதற்குக் கல்வி என்று பெயரில்லை. நம் நாட்டில் 6 முதல் 14 வயதுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் நால்வரில் ஒருவர் பள்ளியே செல்லாதவர் அல்லது இடையில் நின்றவர் என்று 2006இல் சச்சார் குழு அறிக்கை கூறியது. அந்தக் கணக்கில் மேலும் ஒரு பெண்பிள்ளையைச் சேர்த்துவிட்டு அதற்கு மார்க்கத்தைக் காரணம் காட்டினால், மறுமையில் அந்த மகளே நமக்கு எதிராக வாதாடுவாள். அல்லாஹ் காப்பாற்றுவானாக!

அந்த இளம் தகப்பனார் மறுவாரம் வந்தார். துணைவியாருடன் கலந்து பேசினாராம். மகளை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது என்றும், மகனுக்கு ஆறு வயதாகும் வரை வீட்டிலேயே கற்பிப்பது என்றும் முடிவு செய்தார்களாம். "காலைப் பாடம் அவர்கள், மாலைப் பாடம் நான், ஹஜ்ரத்" என்றார். இன்னொரு வீட்டில் முடிவு வேறாக இருக்கலாம். இருவரும் கலந்து முடிவு செய்வதும், இருவரும் சுமப்பதும் எல்லா வீட்டுக்கும் பொதுவானவை.

பெற்றோர்களே! பள்ளிக்கு அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் பிள்ளை நம் கையில் உள்ள அமானிதம். இன்று இரவு அரை மணி நேரம் கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டுப் பிள்ளையின் அருகில் அமருங்கள். வீட்டுக் கல்வி அங்கிருந்தே தொடங்குகிறது.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயன் தரும் கல்வியையும், கற்பிக்கும் நமக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.