'ஸூத்' என்னும் ஆங்கில வினையும் தமிழ்ப் பெயர்ப்பும்

துன்பத்தைத் தணித்தல் என்னும் பொருளில் இன்று வழங்கும் 'ஸூத்' என்னும் ஆங்கில வினையின் பழம்பொருள் 'உண்மையென நிறுவுதல்' என்பதாகும். பழைய ஆங்கிலத்தில் உண்மையைக் குறித்த பெயர்ச்சொல்லே இதன் அடி. அப்பெயரும் வடமொழியின் 'சத்ய' என்பதும் 'இரு' எனப் பொருள்படும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரின் வழிவந்தவை. குறிசொல்பவரைச் சுட்டும் 'ஸூத்ஸேயர்' என்னும் சொல்லிலும் இவ்வடி எஞ்சியுள்ளது.

16ஆம் நூற்றாண்டில் இவ்வினை, ஒருவர் கூற்றை 'ஆம்' என ஏற்று இணங்கிப் பேசுதலைக் குறித்தது. உடன்படும் பேச்சு மனத்தைக் குளிர்விப்பது. ஆதலின் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'சினம், கலக்கம் தணித்தல்' என்னும் பொருள் தோன்றியது. பின்னர் உடல்வலிக்கும் அது விரிந்தது. உண்மை என்னும் கூறு முற்றும் மறைந்தது. இன்று பொய்கூறியும் ஒருவரை 'ஸூத்' செய்யலாம்.

தமிழில் 'தேற்று' என்பதன் வரலாறு இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. 'தேறு' என்பது தெளிதல், துணிந்து நம்புதல். அதன் பிறவினையே 'தேற்று'. கலங்கிய நீரைத் தெளிவிப்பது தேற்றாங்கொட்டை. உறுதிப்பொருள் தரும் ஏகாரம் தேற்றேகாரம். இங்கும் உறுதியிலிருந்தே ஆறுதல் பிறந்துள்ளது. ஆயினும், 'வலியைத் தேற்று' என்னும் வழக்கு இல்லை.

எனவே, செயப்படுபொருளை நோக்கியே பெயர்ப்பு அமைதல் வேண்டும். துயருற்றவரைத் தேற்றுகிறோம், துயரை ஆற்றுகிறோம், வலியைத் தணிக்கிறோம். கைக்குழந்தையாயின் அழுகையை அமர்த்துகிறோம். தொண்டைக்கும் தோலுக்கும் மருந்து இதமளிக்கிறது. சினந்தவரைப் பற்றிய தொடரில் ஆங்கிலம் ஆளையே செயப்படுபொருளாக்கும்; தமிழ் 'அவருடைய சினத்தைத் தணித்தார்' என உணர்ச்சியைச் செயப்படுபொருளாக்கும்.

மொழிபெயர்ப்பாளர் பலர் இவ்விடங்கள் அனைத்திலும் 'அமைதிப்படுத்து' என்றே எழுதுகின்றனர். 'அமைதி' என்பதில் ஓசையடங்குதல் என்னும் பொருளும் உண்டு. கூட்டத்தை அமைதிப்படுத்துதல் பொருத்தமான வழக்கு. ஆனால், 'செவிலி நோயாளியை அமைதிப்படுத்தினார்' என்றால், நோயாளி கூச்சலிட்டார், செவிலி அடக்கினார் என்றே படிப்பவர் கொள்வர். மூலத்தில் இருந்ததோ பரிவு. 'தேற்றினார்' என்னும் ஒரு சொல் அப்பரிவைக் காக்கும்.