மணி என்ன தம்பி?

மதிய நிகழ்ச்சி நடத்தும் எனக்கு ஒரு நேயர் மீது தீராத கடுப்பு இருந்தது. வாரத்தில் மூன்று நாளாவது அழைத்துவிடுவார். பாட்டு கேட்க மாட்டார், வாழ்த்தும் சொல்ல மாட்டார். "என்னா தம்பி, அரை மணி நேரமா மணியே சொல்லல?" இதுதான் அவர் வணக்கம். ஒருநாள், போட்டி விவரம் எங்கள் முகநூலில் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். உடனே அழைப்பு. "அங்க போய்ப் பாக்கிறதுக்கு நீ எதுக்கு? வாயால சொல்லு."

வேலை வெட்டி இல்லாமல், குறை சொல்லவே வானொலி கேட்கிற ஆள் என்று முடிவு கட்டினேன். ஊடகத்துறையில் பட்டம் வாங்கியவனுக்கு இவர் பாடம் நடத்துவதா? அவர் எண் வந்தால் எடுக்க வேண்டாம் என்று அழைப்புகளைக் கவனிக்கும் பெண்ணிடம் சொல்லி வைத்தேன். இரண்டு வாரம் நிம்மதி.

அந்த நேரம் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. நண்பர் பிரிக்பீல்ட்ஸுக்குப் போகச் சொன்னார். 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் பார்வையற்றவர்களின் மசாஜ் கடைகள் நிறைய.

உள்ளே போய், "வணக்கம்ணே, கழுத்து வலி" என்றேன். துண்டு மடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"மணி சொல்லாத தம்பியா?"

எனக்கும் குரல் தெரிந்துவிட்டது. குப்புறப் படுக்கச் சொன்னார். என் கழுத்து இப்போது அவர் கையில்.

"குரல வச்சு நல்லா பருத்த ஆளுன்னு நெனச்சேன். எலும்பா இருக்கியே! ரெண்டு வாரமா லைன் கெடைக்கல, போன் கெட்டுப்போச்சா?"

"ஆமாண்ணே" என்றேன்.

அவரே சொன்னார். ஒருவருக்கு ஒரு மணி நேரம். பேசும் கடிகாரம் இருக்கிறது, போனும் பேசும். ஆனால் எண்ணெய்க் கையால் எதைத் தொடுவது? "நீ மணி சொன்னாதான் முதுகை முடிச்சிட்டு காலுக்குப் போலாமான்னு தெரியும்."

மறுநாளே அவர் எண்ணைத் திறந்துவிடச் சொன்னேன். பொய்யை ஒப்புக்கொள்ளத்தான் மூன்றாவது தடவை வரை ஆனது. சொன்னதும் சற்று நேரம் பேசாமல் தோளை அழுத்தினார். "தெரியும். மத்தவங்க நிகழ்ச்சிக்கு லைன் கெடைச்சிச்சே" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. அது திட்டியதைவிட வலித்தது.

இப்போது என் ஓய்வு நாளில் இருவரும் தேநீர் குடிக்கப் போகிறோம். முதல்நாள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். உதறிவிட்டு என் முழங்கையைப் பிடித்தார். "நீ முன்னால போ, நான் வரேன்." நடைபாதையில் அவர்களுக்காகப் பதித்த மஞ்சள் கோட்டின் மேல் மோட்டார் சைக்கிள் நின்றால், கோலால் டயரைத் தட்டி, "யாருது இது?" என்று கடைவீதியே கேட்கிற மாதிரி சத்தம் போடுவார். எனக்குக் கூச்சமாக இருக்கும். இப்போது நானும் சேர்ந்து கேட்கிறேன்.

நிகழ்ச்சியில் கால் மணிக்கு ஒருமுறை நேரம் சொல்கிறேன். போன வாரம் "இரண்டு மணி பத்து நிமிடம்" என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டேன். விளக்கு எரிந்தது.

"என் போன் பன்னெண்டுன்னு சொல்லுது, தம்பி."