உங்களுக்குத் தெரியுமா? – பல்கலைக்கழகம் கழுவிய காப்பி

● ருவாண்டாவுக்கு 1904-ல் காப்பியைக் கொண்டுவந்தவர்கள் ஜெர்மன் பாதிரிமார்கள். பிறகு வந்த பெல்ஜியம் ஆட்சி, பயிரிட்டே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. பயிரிட்டவர்களில் பெரும்பாலோர் காப்பியைக் குடித்துப் பார்த்ததே இல்லை!

● 1994 இனப்படுகொலையில் நூறே நாளில் சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். ஐந்தாண்டு கழித்து, தெற்கே மராபாவில் சுமார் 220 சிறு விவசாயிகள் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். கணவரை இழந்த பெண்கள் அதில் ஏராளம். சங்கம் பிறந்துவிட்டது, கொட்டை மட்டும் அடிமாட்டு விலைக்கே போனது.

● பக்கத்தில் புட்டாரே நகரில் அப்போது ருவாண்டா தேசியப் பல்கலைக்கழகம் இருந்தது. சங்கத்துக்கு உதவ அது அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட், டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகங்களோடு கைகோத்தது. திட்டத்தின் பெயர் 'பேர்ல்'. பணம் கொடுத்தது அமெரிக்க அரசின் உதவி அமைப்பான யுஎஸ்எய்ட்.

● குறை செடியில் இல்லை, பக்குவத்தில்! அதுவரை வீட்டுக்கு வீடு கையால் தோலுரித்து, கிடைத்த இடத்தில் உலர்த்தினார்கள். ஒரு மூட்டைக்குள்ளேயே பல தரம். பழத்தைப் பறித்த அன்றே இயந்திரத்தில் தோல் நீக்கி, தொட்டியில் புளிக்கவைத்து, நல்ல தண்ணீரில் அலசி, தரையில் படாமல் வலைப் பரணில் காயவைக்க வேண்டும். 2001-ல் மராபாவில் அதற்கான கழுவு நிலையம் வந்தது. மறு ஆண்டே லூசியானாவின் கம்யூனிட்டி காபி நிறுவனம் ஒரு கன்டெய்னர் நிறைய வாங்கிக்கொண்டது. 2003-க்குள் சங்கத்தில் சுமார் 2,000 பேர்.

● மாணவர்களுக்கு என்ன லாபம்? ருவாண்டா இளைஞர்கள் மேற்படிப்புக்காக அந்த இரு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கும் போனார்கள். உள்ளூரில் பலர் 'கப்பிங்' பழகினார்கள்: கரண்டியில் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் புரட்டி, துப்பிவிட்டு மதிப்பெண் போடும் வேலை. (நம் வீட்டில் அப்படி உறிஞ்சினால் திட்டுதான் விழும்.) தன் சரக்கின் ருசி தெரியாதவரால் விலை பேச முடியாது, இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

● ருவாண்டா காப்பிக்கு ஒரு வினோதக் குறை உண்டு. சில கொட்டைகளில் பச்சை உருளைக்கிழங்கு வாடை அடிக்கும். ஒரு கொட்டை போதும், கோப்பையே பாழ். அன்டெஸ்டியா என்ற பூச்சிக்கு இதில் பங்குண்டு. மிச்சிகன் ஸ்டேட் ஆய்வாளர்கள் ருவாண்டா ஆய்வாளர்களோடு சேர்ந்து பின்னாளில் இதையும் ஆராய்ந்தார்கள்.

● உலகின் பெயர்பெற்ற காப்பிப் போட்டியான 'கப் ஆஃப் எக்ஸலன்ஸ்', ஆப்பிரிக்காவில் முதன்முதலாக நடந்தது ருவாண்டாவில்தான். ஆண்டு 2008.