லொறி சூடேறினால் வோட்டர் பம்ப்பைப் பாருங்கள்

நமது தோட்டங்கள் பலவற்றில் கொழுந்து ஏற்றும் லொறிதான் அவசரத்துக்கு நோயாளியையும் பிள்ளைத்தாச்சியையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறது. அது பாதிவழியில் ஆவி கக்கி நின்றால் கஷ்டம் சாரதிக்கு மட்டுமல்ல. ஆகவே இதைச் சாரதிமாரும் வீட்டில் உள்ளவர்களும் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

வோட்டர் பம்ப்பின் வேலை, எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே தண்ணீரை ஓடவைப்பது. அநேகமான பழைய லொறிகளில் இதைச் சுற்றுவது ஒரு பெல்ட். வேனில் ஹீட்டர் இருந்தால் அதற்கும் இதே சுடுதண்ணீர்தான் போகும். எஞ்சின் சூடேறியும் ஹீட்டரில் குளிர்காற்று வந்தால், தண்ணீர் குறைந்திருக்கலாம், அல்லது பம்ப் சரியாகத் தள்ளாமல் இருக்கலாம்.

நுவரெலியா சுமார் 1,868 மீற்றர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் லொறியில் அப்படி நடப்பதில்லை. ரப்பர் போன மூடியோடு மலை ஏறாதீர்கள்.

காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது, சாவியை எடுத்துவிட்டு இவற்றைப் பாருங்கள்:

1. தண்ணீர் மட்டம் சரியா?

2. பெல்ட் வெடித்திருக்கிறதா? நடுவில் பெருவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் இறங்கலாம். அதிகம் தொய்ந்தால் இறுக்க வேண்டும்.

3. பம்ப்பின் அடியில் ஒரு சிறு துவாரம் உண்டு. அதில் தண்ணீர் சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது. துவாரத்தை அடைக்க வேண்டாம். தண்ணீர் பேரிங்குக்குள் போய்விடும்.

4. பம்ப்பின் சக்கரத்தைப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தாலோ, ஓடும்போது உறுமினாலோ பேரிங் தேய்ந்துவிட்டது. பம்ப்பை மாற்றத்தான் வேண்டும்.

ஓடைத் தண்ணீரை ஊற்றினால் சேறும் துருவும் சேரும். தகுந்த கூலன்ட்டைச் சொன்ன அளவில் கலந்து ஊற்றுவதே நல்லது.

வழியில் சூடேறினால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். அரை மணித்தியாலமாவது ஆறவிடுங்கள். சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். பச்சைத் தண்ணீரை உடனே ஊற்றினால் எஞ்சின் வெடிக்கலாம். யாருக்காவது சுட்டுவிட்டால், ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பற்பசை, எண்ணெய் எதுவும் பூச வேண்டாம்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை: கூலன்ட் இனிக்கும், ஆனால் நஞ்சு. சோடாப் போத்தலில் ஊற்றி லயத்தில் வைக்காதீர்கள். பீலிக்கரையிலோ கானிலோ கொட்டவும் வேண்டாம்.