இருபத்தொரு வயசில் அறுபது வயசுக்காரர்!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



"வி.கே. ராமசாமி யாரு தெரியுமா?" என்று நம்ம ஹாஸ்டலில் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் முழிப்பார்கள். "ஆண் பாவம் படத்தில பாண்டியராஜனுக்கு அப்பாவா வருவாரே..." என்று இழுத்தால் போதும், "அட, அவரா!" என்று முகம் மலர்ந்துவிடும். பெயர் தெரியாமலே இத்தனை வருஷம் பழகியிருக்கிறோம் பாருங்கள், அப்படிப்பட்டவருக்குத்தான் குணச்சித்திர நடிகர் என்று பெயர். கதாநாயகனுக்கு மன்றம் உண்டு, கட்-அவுட் உண்டு, முதல் நாள் பால் குடம் கூட உண்டு. இவர்களுக்கு என்ன உண்டு? எங்கள் பிளாக்கில் வி.கே.ஆருக்கு ஐந்தாறு ரசிகர்கள் உண்டு. ராத்திரி மெஸ் முடிந்ததும் ஒரு செல்போனைச் சுற்றி உட்கார்ந்து பழைய படம் போட்டு, எந்த ரோல் பெரிசு என்று சண்டை பிடிப்போம். ஆண்டு மலருக்கு 'சூரிய சக்தி' பற்றி எழுதச் சொன்னார்கள். அதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இதை எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அவர் சினிமா வாழ்க்கை தொடங்கியது சென்னையில் அல்ல. நம்ம ஊரில்!

சிவகங்கை, கல்லல் பக்கமிருந்து ரயிலில் வரும் நண்பர்களுக்குக் காரைக்குடிக்கு முந்திய ஸ்டேஷன் தெரியும். தேவகோட்டை ரஸ்தா. ஏ.வி. மெய்யப்ப செட்டியார் காரைக்குடிக்காரர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் சென்னையில் ஸ்டுடியோ நடத்த வசதிப்படாமல் சொந்த ஊர்ப் பக்கமே வந்து, ரஸ்தாவில் கொட்டகைகள் போட்டுப் படம் எடுத்தார். நடிகர்களும் டெக்னீஷியன்களும் அங்கேயே தங்கி வேலை செய்தார்கள். 1948-ல்தான் ஏ.வி.எம். கோடம்பாக்கம் போனது. அந்த ரஸ்தா ஸ்டுடியோவில் உருவான படம் 'நாம் இருவர்'. ஏ.வி.எம். பெயரில் வந்த முதல் படம். 1947 பொங்கலுக்கு ரிலீஸ், அதாவது சுதந்திரம் வருவதற்கு ஏழு மாதம் முன்னாலேயே பாரதியார் பாட்டுகளைத் தியேட்டர் தியேட்டராக ஒலிக்கவிட்ட படம்.

அந்தப் படத்தில் சண்முகம் பிள்ளை என்று ஒரு கறுப்பு மார்க்கெட் வியாபாரி. வயது அறுபது. அதுதான் வி.கே.ஆரின் முதல் படம். அவர் பிறந்தது விருதுநகரில், 1926 ஜனவரி 1-ம் தேதி. கணக்குப் போடுங்கள், இருபத்தொரு வயசு! நம்மைவிட இரண்டு மூன்று வயசு கூட, அவ்வளவுதான். இன்னும் வேடிக்கை என்னவென்றால், படத்தின் கதாநாயகன் டி.ஆர். மகாலிங்கம் பிறந்தது 1924-ல். கிழவராக வந்தவர் கதாநாயகனைவிட இளையவர்!

இது எப்படி நடந்தது என்று புரிய வேண்டுமானால் நாடகக் கம்பெனிகளைப் பற்றித் தெரிய வேண்டும். அந்தக் காலத்தில் 'பாய்ஸ் கம்பெனி' என்று உண்டு. ஏழெட்டு வயசுப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு, சாப்பாடு போட்டு, பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுத்து ஊர் ஊராக நாடகம் போடுவார்கள். ராஜாவும் பையன், ராணியும் பையன், ராணியின் கிழட்டு அப்பாவும் பையன்தான். சிவாஜி பெண் வேஷம் போட்டது இப்படித்தான். பையன்களுக்குப் பதினாலு பதினைந்து வயசில் 'மகரக்கட்டு' உடையும், அதாவது குரல் மாறும். அதற்குப் பிறகும் பாட்டு நிற்கிறவன் ராஜபார்ட் ஆகலாம். பாட்டு போனவனுக்கு வில்லன், கோமாளி, கிழவன். பின்னணிப் பாடல் முழுசாகக் காலூன்றாத காலம், கதாநாயகன் என்றால் பாடியே ஆகவேண்டும். மகாலிங்கத்தின் குரல் ஊரறிந்தது. வி.கே.ஆருக்கு வாய்த்தது பேச்சு.

சின்ன வயசிலேயே நாடகத்துக்குப் போனவர் வி.கே.ஆர். பிறகு என்.எஸ். கிருஷ்ணன் நாடக சபாவில் நடித்தார். கலைவாணர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் உள்ளே இருந்த சமயம் (1947-ல் விடுதலையாகி வந்தார்), சபாவை எஸ்.வி. சகஸ்ரநாமம் தாங்கிப் பிடித்து நடத்தினார். ப. நீலகண்டன் எழுதிய 'தியாக உள்ளம்' நாடகம் அங்கே மேடையேறியது. அதைத்தான் செட்டியார் 'நாம் இருவர்' ஆக்கினார். மேடையில் சண்முகம் பிள்ளையாக வந்த வி.கே.ஆரையே படத்துக்கும் எடுத்துக்கொண்டார். நினைத்திருந்தால் நிஜக் கிழவர் ஒருவரைப் போட்டிருக்கலாமே? போடவில்லை. நரையும் மீசையும் ஒட்டிக்கொள்ளலாம், அந்தப் பேச்சை எங்கே போய் ஒட்டுவது?

அந்தப் பாத்திரம் அன்றைக்கு ஏன் அப்படி எடுபட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது நம்ம ஊர்ச் சரித்திரம். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தான். பர்மா அரிசி வருவது நின்றது. செட்டிநாட்டுக் குடும்பங்கள் பலவற்றின் சொத்தும் நிலமும் அங்கேயே மாட்டிக்கொண்டன. எத்தனையோ பேர் காடு மலை வழியாக நடந்தே திரும்பினார்கள். இங்கே அரிசிக்கு ரேஷன், துணிக்குக் கட்டுப்பாடு, மண்ணெண்ணெய்க்கு வரிசை. மூட்டையைப் பதுக்கி வைத்து ராத்திரியில் இரட்டை விலைக்கு விற்றவனை ஜனங்கள் தினசரி பார்த்தார்கள். வயிறெரிந்தார்கள். அந்த ஆளைத் திரையில் கொண்டுவந்தால் கத்திக் கத்திப் பேசும் வில்லனாக இருக்கக்கூடாது, பக்கத்துக் கடைக்காரர் மாதிரி இருக்க வேண்டும். விருதுநகர் மாதிரி வியாபார ஊரில் பிறந்த பையனுக்கு அது கடை வாசலிலேயே கிடைத்த பாடம். 'பராசக்தி'யிலும் (1952) இதே சாயலில் ஒரு வியாபாரியாக வருவார்.

எங்கள் சண்டைக்கு வருகிறேன். சிவில் நண்பன் ஒருவன் அடித்துச் சொல்கிறான்: "வி.கே.ஆர். காமெடியன்டா. நாகேஷ் வரிசை." நான் ஒப்புக்கொள்வதில்லை. நாகேஷ் உடம்பையே ஸ்பிரிங் மாதிரி ஆக்கிச் சிரிக்க வைத்தவர். வி.கே.ஆர். உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். எதிராளி பேசியதும் உடனே பதில் வராது. ஒரு பார்வை. பிறகு வார்த்தையை இழுத்து, கடைசிச் சொல்லைக் கீழே இறக்கி வைப்பார், கல்லாப் பெட்டியில் காசு போடுகிற மாதிரி. சிரிப்பு அந்த இடைவெளியில் வருகிறது. கல்ச்சுரல்ஸில் மிமிக்ரி பண்ணும் நம்ம பையன்கள் அந்த இழுவையை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். பேசுவதற்கு முன்னால் வரும் மௌனத்தை விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் கைதட்டு பாதியில் நின்றுபோகிறது!

மெக்கானிக்கல்காரன் என்பதால் ஒரு உதாரணம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லேத்தில் நீளமான ஜாப் பிடித்தால் சக் மட்டும் போதாது, மறுமுனையில் டெயில் ஸ்டாக் தாங்க வேண்டும். சுற்றுவது சக், வெட்டுவது டூல். டெயில் ஸ்டாக் சும்மாதான் நிற்கிறது. அதை எடுத்துவிட்டுப் பாருங்கள், ஜாப் ஆடும், டேப்பர் விழும். குணச்சித்திர நடிகர் செய்வதும் இந்த வேலைதான். கதாநாயகன் காதலிக்கிறான், அடிக்கிறான், அழுகிறான். அதை நாம் நம்ப வேண்டுமானால் எதிரே ஒரு நிஜமான அப்பாவோ மாமனாரோ முதலாளியோ நிற்க வேண்டும். (சொந்தக்காரர்கள், "டிப்ளமோதானே, சூப்பர்வைசர் ஆகலாம், அவ்வளவுதான்" என்று உதட்டைப் பிதுக்கும்போதெல்லாம் எனக்கு இந்த டெயில் ஸ்டாக் ஞாபகம்தான் வரும்!)

'பட்டிக்காடா பட்டணமா' (1972) படத்தில் சிவாஜிக்கு மாமனார். சிவாஜி பிறந்தது 1928, மாப்பிள்ளையைவிட மாமனார் இரண்டே வயசு மூத்தவர்! பட்டணத்துப் பகட்டுக்கார மனைவியாக சுகுமாரி, வெளிநாட்டில் படித்த மகளாக ஜெயலலிதா, இடையில் சிக்கிக்கொண்ட மனுஷர். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "பொண்டாட்டிக்குப் பயப்படுற புருஷன்னா ஏன் எல்லாரும் சிரிக்கணும்? படிச்ச பொண்ணை அடக்குறதுதான் கதையா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அந்தப் படத்தின் நீதி இன்றைக்குச் செல்லாது. வி.கே.ஆருக்கு வந்த வேஷங்களில் பல இதே அச்சுதான், 'மனைவிக்கு நடுங்கும் பணக்காரர்'. ஐந்நூறு படங்களுக்கு மேல் நடித்த மனிதருக்கு எல்லாமே நல்ல ரோலாக வந்திருக்குமா? வரவில்லை. சில படங்களில் அவர் வந்து போவதற்குக் காரணமே தெரியாது.

நடிப்போடு நிற்கவில்லை அவர். ஏ.பி. நாகராஜனுடன் கூட்டுச் சேர்ந்து 'மக்களைப் பெற்ற மகராசி' (1957) எடுத்தார். சிவாஜி கொங்குத் தமிழ் பேசிய படம். ஒரு வட்டாரப் பேச்சை நம்பிப் பணம் போடுவதற்கு அன்றைக்குத் துணிச்சல் வேண்டும். பிறகு 'ருத்ர தாண்டவம்' (1978). இதில் அவரே சிவபெருமான்! நாகேஷ் பூசாரி. பூசாரியோடு பேச சாமி இறங்கி வருகிறார். கையில் சூலம், வாயில் அதே நிதானமான இழுவைப் பேச்சு. புராணப் படத்து சிவனைப் பார்த்துப் பழகியவர்களுக்கு முதலில் தூக்கிவாரிப் போடும். பத்து நிமிஷத்தில், கடவுள் இறங்கி வந்தால் இப்படித்தான் பேசுவார் என்று தோன்றிவிடும். எங்கள் குழுவில் பாதிப் பேர் ஓட்டு இந்த ரோலுக்குத்தான்.

என் ஓட்டு 'ஆண் பாவம்' (1985). கிராமத்தில் சினிமாத் தியேட்டர் திறக்கும் ராமசாமி அண்ணாச்சி. இரண்டு பையன்கள், பாண்டியனும் பாண்டியராஜனும். வீட்டில் பாட்டியாக நம்ம சிவகங்கை மாவட்டத்துக் கொல்லங்குடி கருப்பாயி. பெரியவன் பெண் பார்க்கப் போன இடத்தில் வீடு மாறிப் போய் வேறு பெண்ணைப் பார்த்து மனசைக் கொடுத்துவிடுகிறான். அதிலிருந்து ஆரம்பிக்கிறது கலாட்டா. மேலோட்டமாகப் பார்த்தால் சிரிப்புப் படம். ஆனால் அண்ணாச்சி கொடுத்த வாக்கு என்று ஒன்று நடுவில் நிற்கிறது. வாக்கு முக்கியமா, பையன் மனசு முக்கியமா? அப்பா வெறும் கோமாளியாக இருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. பையன்கள் அடிக்கும் லூட்டிக்கு நாம் சிரிக்கிறோம், அண்ணாச்சி முகம் சுருங்கினால் நாமும் அடங்கிவிடுகிறோம். 1947-ல் ஜனங்களைச் சபிக்க வைத்த அதே வியாபாரிதான் இங்கேயும். அதே பேச்சு, அதே நிதானம். பதுக்குகிறவனாக வந்தவர் முப்பத்தெட்டு வருஷம் கழித்து ஊருக்கே பிடித்த அண்ணாச்சி ஆகிவிட்டார்.

இந்தப் படத்தில் இன்னொரு விசேஷம். பாண்டியராஜன் பிறந்தது 1959. அப்பாவுக்கும் பிள்ளைக்கும் முப்பத்து மூன்று வயசு வித்தியாசம், கணக்கு சரியாக வருகிறது! இருபத்தொன்றில் போட்ட வேஷத்தை நிஜ வயசு வந்து தொட்டபோது அவருக்கு மேக்கப்பே தேவைப்படவில்லை. அந்த இரண்டு மூன்று வருஷத்தில் வரிசையாக வந்தவற்றைப் பாருங்கள். 'மௌன ராகம்' (1986) படத்தில் மோகனின் மேலதிகாரி. வருவது கொஞ்ச நேரம்தான், அந்தக் கனமான கதைக்குள் கொஞ்சம் காற்று வருவது இவர் வரும்போதுதான். 'வேலைக்காரன்' (1987) படத்தில் ரஜினிக்குத் தாத்தா. அதை இயக்கிய எஸ்.பி. முத்துராமனும் காரைக்குடியில் பிறந்தவர்தான். ரஜினி 1950, தாத்தா 1926. பேரனுக்கும் தாத்தாவுக்கும் இருபத்து நாலு வயசுதான் வித்தியாசம், சினிமாவில் இதெல்லாம் கண்டுகொள்ளக்கூடாது! 'அக்னி நட்சத்திரம்' (1988) படத்தில் ஜனகராஜோடு ஜோடி. மெயின் கதைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. ஆனாலும் ஹாஸ்டலில் அந்த இடத்தை ஓட்டிவிட யாரும் சம்மதிப்பதில்லை.

'நாம் இருவர்' கதாநாயகன் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். மகாலிங்கம் பெரிய நட்சத்திரமானார். சொந்தப் படம் எடுத்து நொடித்தார். நம்ம சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' (1958) மூலம் மறுபடி எழுந்தார். மகா கலைஞர், சந்தேகமில்லை. ஆனால் பாடும் கதாநாயகர்களின் காலம் அதற்குள் முடிந்துகொண்டிருந்தது. கிழவர் வேஷத்துக்கு அப்படிக் காலம் முடிவதில்லை. சண்முகம் பிள்ளையாக வந்தவர் 2001-ல் வந்த 'டும் டும் டும்' வரை நடித்தார். ஐம்பத்து நாலு வருஷம்! 2002 டிசம்பர் 24-ல் காலமானார்.

இன்றைக்கு ரஸ்தா ஸ்டேஷனில் இறங்கும் நம்மில் எத்தனை பேருக்கு, இங்கே ஒரு ஸ்டுடியோ இருந்தது என்று தெரியும்? தெரியாதவர்கள் வீட்டில் தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள், அந்தக் காலத்து ஷூட்டிங் கதைகள் கிடைக்கலாம்.

புதிதாக வி.கே.ஆர். பார்க்கிறவர்கள் 'ஆண் பாவ'த்தில் தொடங்குங்கள். அடுத்து 'ருத்ர தாண்டவம்'. கடைசியாக 'நாம் இருவர்'. அது பழைய படம், சத்தம் கரகரவென்று இருக்கும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேளுங்கள்.